பதினாறு சாக்கு மண்

மொக்கையன் காட்டில் தொல்லியல்காரர்கள் குழி போட வந்தபோது, கூலிக்கு முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் முத்துப்பேச்சிதான். ஊருக்கே அது ஆச்சரியம். பதினெட்டு வருசமாக அந்தக் காட்டுப் பக்கம் அவள் எட்டிப்பார்த்ததில்லை. களையெடுக்க, மிளகாய்ப் பழம் பிடுங்க, பருத்தி எடுக்க என்று யார் கூப்பிட்டாலும், "மொக்கையன் பிஞ்சையா? நான் வரல" என்று சொல்லிவிட்டு, பாளையம்பட்டி வரைக்கும் பஸ்ஸேறிப் போய்ச் செங்கல் சுமந்து வருவாள்.

"என்னக்கா, வைராக்கியம் விட்டுப்போச்சா?" என்று கேட்டாள் அடுத்த வீட்டு நாகஜோதி.

"விடலடி. இது மொக்கையன் கூலி இல்ல, கவருமெண்டுக் கூலி. அவன் காட்ட நான் மம்பட்டியால கொத்துவேன். அவன் கரையில நின்னு பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்குத்தான் வாரேன்."

பரளச்சிக்கு மேற்கே அந்தக் காடு ஒரே வளைவாக நாற்பது ஏக்கர். கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல், ஓரமெல்லாம் சீமைக்கருவேல். நடுவில் மட்டும் ஆமை முதுகு மாதிரி ஒரு மேடு. அதில் ஏர் ஓட்டினால் கொழுவில் ஓட்டாஞ்சில்லாகத் தட்டும். அதனால் அதற்கு ஓட்டாங்காடு என்று பேர். மழை பொய்த்த வருசங்களில் மொக்கையன் அதைத் தரிசாகப் போட்டுவிடுவார். இப்போது மொத்தக் காட்டையும் சோலார் கம்பெனி ஒன்று கேட்டிருந்தது. நாற்பது ஏக்கரும் சேர்ந்து வேண்டும், நடுவில் துண்டு விழக்கூடாது என்பது கம்பெனியின் கணக்கு. மேட்டில் பழைய ஓடு கிடக்கிறது என்று யாரோ எழுதிப்போட, தோண்டிப் பார்த்துவிட்டுத்தான் தடையில்லாச் சான்று கொடுப்போம் என்று தொல்லியல் ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ரெண்டு மாசம் தோண்டட்டும், ஓட்டைப் பொறுக்கிக்கொண்டு போகட்டும் என்று மொக்கையனும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பதினெட்டு வருசத்துக்கு முன்னால் அந்தக் காட்டுக் கிணற்றில்தான் தண்ணி இறைக்கிற மோட்டார் காணாமல் போனது. அப்போது அங்கே காவலுக்குப் படுத்தவன் முத்துப்பேச்சியின் புருசன் சங்கையா. காளியம்மன் பொங்கலுக்கு ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்தான். விடிந்து போய்ப் பார்த்தால் மோட்டார் இல்லை. "சங்கையாவத் தவிர யாருக்கும் அதக் கழட்டத் தெரியாது" என்று மொக்கையன் ஸ்டேஷனில் சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான். ரெண்டு நாள் கழித்துச் சங்கையாவை மாட்டுவண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். ஸ்டேஷனில் அடித்ததில் வலது முட்டி சில்லுச்சில்லாக உடைந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் அஞ்சு வருசம் இருந்தான். கம்பு ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வருவான், போவான். மோட்டாரைக் கழற்றிக் காரியாபட்டியில் விற்றது மொக்கையனின் மச்சினன் என்று ஒரு வருசத்துக்குள் அரசல்புரசலாக ஊருக்குத் தெரிந்துவிட்டது. மொக்கையனுக்கும் தெரிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை.

"நாலு பேரு முன்னால, சங்கையா எடுக்கலன்னு அவரு ஒருவாட்டி சொல்லிட்டாருன்னா போதும் பேச்சி. நான் நிம்மதியாப் போயிருவேன்" என்பான் சங்கையா. அவர் சொல்லவில்லை, அவனும் நிம்மதியாகப் போகவில்லை. செத்த அன்றைக்கு மொக்கையன் ஆள்விட்டு ஒரு மாலை அனுப்பினார். முத்துப்பேச்சி அதைக் கொண்டுவந்தவன் கழுத்திலேயே போட்டுத் திருப்பி அனுப்பினாள்.

குழி வேலை அவள் நினைத்த மாதிரி இல்லை. மம்பட்டியை ஓங்கிய முதல் நாளே, "கொத்தக் கூடாதுக்கா, சொரண்டணும்" என்று கொத்தனார் கரண்டி ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டாள் தீபலட்சுமி. அவள்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. அருப்புக்கோட்டை நெசவாளர் தெருப் பிள்ளை, முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். தலையில் துண்டு, காலில் கான்வாஸ் ஷூ, வெயிலில் முகமெல்லாம் கருகிக் கிடந்தாள். மண்ணை விரற்கடை விரற்கடையாக வழிக்க வேண்டும். நிறம் மாறினால் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு அடுக்கு மண்ணையும் தனியாகச் சலித்து, தனிச் சாக்கில் போட்டுச் சீட்டுக் கட்ட வேண்டும்.

"இம்புட்டு மெனக்கெட்டுத் தங்கமா தாயி தேடுற?" என்று ஒருநாள் கேட்டாள் முத்துப்பேச்சி.

"தங்கம் கெடைச்சா எனக்குத்தான் தலைவலி. நான் தேடுறது சோறுக்கா. இங்க இருந்தவுக ஆடு மாட்ட ஓட்டிக்கிட்டே திரிஞ்சாகளா, இல்ல ஒரு எடத்துல உக்காந்து வெதைச்சு அறுத்தாகளா? எப்ப அப்படி மாறுனாக? என்னத்தத் தின்னாக? அது தெரியணும்."

"அத மண்ணு சொல்லுமாக்கும்?"

"சொல்லும். நாமதான் கேக்கத் தெரியாம கெடக்கோம்."

ரெண்டாவது குழியில் ஒரு மாட்டுக்கால் எலும்பு வந்தது. அதன் குளம்புக் கணு தடித்துப் புடைத்திருந்தது. மேய்ச்சல் மாட்டுக்கு அப்படி இருக்காது, பாரம் இழுத்த மாட்டுக்குத்தான் இப்படி ஆகும் என்றாள் தீபலட்சுமி. இன்னொரு நாள், முத்துப்பேச்சியை ஒரு படி குதிரைவாலி குத்தச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். குத்தும்போது விழுந்தது, புடைக்கும்போது பறந்தது, சல்லடையில் நின்ற களைவிதை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் எடுத்து மூடினாள்.

"உமிய எதுக்குத் தாயி பத்திரப்படுத்துற?"

"அந்தக் காலத்து உமி ஒரு எடத்துல கெடந்தா, அது களமா, அடுப்படியா, மாட்டுக்கொட்டமான்னு சொல்லணுமே. அதுக்கு இப்ப நீங்க பொடைக்கையில எது எங்க விழுகுதுன்னு தெரியணும்ல. இதுல நீங்கதான்க்கா எனக்கு வாத்தியாரு."

மொக்கையன் தினமும் பொழுது சாயும் நேரத்தில் வருவார். அறுபத்தாறு வயசுக்கும் நடை விறைப்பாக இருக்கும். குழி ஓரத்தில் நின்று, "இன்னைக்கு என்ன, ஓடுதானா?" என்று கேட்பார். "ஓடுதான்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவார். முத்துப்பேச்சி நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். ஆனால் அவர் சிரிக்கும்போதெல்லாம் அவள் கையில் கரண்டி இறுகும்.

சித்திரைக் கடைசியில், மூன்றாவது குழியில், ஆள் கழுத்தளவு ஆழத்தில் கரிசல் முடிந்து வெளுத்த சுக்கான் மண் தெரிந்த இடத்தில் வட்டமாக ஒரு கறுப்புத் தடம் வந்தது. வழிக்க வழிக்க அது உள்ளே இறங்கிக்கொண்டே போனது. பக்கமெல்லாம் களிமண் பூசிய சுவர். நடுவில் சாம்பலும் கரியும். தீபலட்சுமி குழிக்குள் முழங்கால் போட்டு உட்கார்ந்தவள் மத்தியானச் சோற்றுக்கும் ஏறி வரவில்லை. உள்ளிருந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளிப் பதினாறு சாக்கில் கட்டச் சொன்னாள்.

அதில் ஒரு கை மண்ணை மட்டும் எடுத்து, தண்ணீர்ச் சட்டியில் போட்டு மெதுவாகக் கலக்கினாள். மண் அடியில் போனது. மேலே கருஞ்சீரகம் தூவிய மாதிரி மணிகள் மிதந்து வந்தன. வெறும் விதையாக இருந்திருந்தால் எப்போதோ மக்கிப் போயிருக்கும். தீயில் கருகியதால்தான் தங்கியிருக்கிறது என்றாள். முத்துப்பேச்சி ஒரு மணியை விரல் நுனியில் ஒற்றியெடுத்து வெயிலில் காட்டினாள்.

"சாமை தாயி. இது சாமையேதான். அந்தா, அது காணப்பயறு."

தீபலட்சுமிக்குக் கண் கலங்கிவிட்டது. "தானியக் குதிர்க்கா இது. லேபுல வயசு பாக்கணும். மூவாயிரம் வருசம் இருக்கும்னு தோணுது. இது உறுதியாச்சுன்னா இந்த மேட்டுல ஒரு குச்சி நட முடியாது. முழுசும் பாதுகாப்புல வந்துரும். இல்லைன்னா, குழிய மூடிட்டு நெலத்த அவருகிட்ட ஒப்படைச்சிட்டுப் போகவேண்டியதுதான்."

முத்துப்பேச்சி சாக்குகளைப் பார்த்தாள். பிறகு குழியைப் பார்த்தாள். "யாரு தாயி இதுல தீ வச்சது?"

"அது தெரியாதுக்கா. தானாக்கூடப் பத்தியிருக்கலாம்."

"தானியக் குழியில எப்படித் தானாத் தீப்பத்தும்? எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் வச்சிருக்கான். அவன் வயிறு என்ன பாடு பட்டுச்சோ."

தீபலட்சுமிக்கு மதுரையில் மூன்று நாள் கூட்டம் இருந்தது. தண்ணீர் லாரி வந்ததும் வெள்ளிக்கிழமை எல்லாச் சாக்கையும் தானே கூட இருந்து கரைப்பதாகவும், அதுவரை ஒரு பிடி மண் வீணாகக் கூடாது என்றும் சொல்லி, கொட்டகைச் சாவியை முத்துப்பேச்சியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் காளீஸ்வரன் சாப்பிட உட்கார்ந்தான். முத்துப்பேச்சிக்கு ஒரே மகன், இருபத்தாறு வயசு, ஐடிஐ படித்தவன். கம்மங்கூழும் சுட்ட கருவாடும் வைத்திருந்தாள். அவன் கருவாட்டைத் தொடவில்லை.

"ஏம்மா, அந்தக் குதிரு மண்ணு ஒங்கிட்டதான் இருக்காமே?"

"யாரு சொன்னா?"

"மொக்கையன் மொதலாளி. நேத்து என்னயக் கூப்பிட்டு விட்டாரு."

முத்துப்பேச்சி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தவள் திரும்பினாள். "நீ எதுக்குலே அங்க போன?"

"கம்பெனியில எலெக்ட்ரிக்கல் வேலைக்கு எம்பேரச் சொல்லியிருக்காரும்மா. ஊர்லயே இருந்து பாக்கலாம். பொண்ணு வீட்ல என்ன கேக்காக? நெரந்தரமா ஒரு வேலைதான கேக்காக? காடு போச்சுன்னா கம்பெனி வேற ஊருக்குப் போயிரும். மொக்கையனுக்கு மட்டுமா நட்டம்? எனக்கும்தான்." அவன் குரல் இறங்கியது. "அந்த மண்ண நீ வாய்க்கால்ல கொட்டிட்டேன்னா முடிஞ்சுபோச்சு. மழைத்தண்ணி பூந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"ஒங்கய்யா முட்டிய ஒடைக்க வச்சவனுக்கு நீ தூது வார."

"அய்யா செத்துப் பதிமூணு வருசமாச்சு. நான் உசுரோட இருக்கேம்மா. என்னயப் பாரு."

அவள் பார்த்தாள். சங்கையாவின் அதே நெற்றி, அதே காது. உலை பொங்கி அடுப்பில் வழிந்தது.

"சரி. போய் அவருகிட்டச் சொல்லு" என்றாள். "வியாழக்கிழமை காலையில ஏழே முக்காலுக்கு, அருப்புக்கோட்டை பஸ்ஸு வார நேரத்துக்கு, ஸ்டாப்புக்கு வரட்டும். மோட்டார யாரு எடுத்தாக, தனக்கு எப்பத் தெரியும்னு நாலு பேரு கேக்கச் சொல்லட்டும். சொன்னாருன்னா, அந்தக் கையோட பதினாறு சாக்கையும் அவரு கண்ணு முன்னால அவுத்துக் கொட்டுறேன்."

"நெசமாவா?"

"கொட்டுறேன்னு சொன்னேன்ல. கொட்டுவேன்."

காளீஸ்வரன் கருவாட்டை எடுத்துக் கடித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான். அவன் தலை மறைந்ததும் முத்துப்பேச்சி நாகஜோதியின் போனை வாங்கித் தீபலட்சுமிக்குப் போட்டாள்.

"தாயி, மண்ணுக்கு ஆபத்து இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது. நாளைக்கே வண்டி கொண்டா. மொதலாளி நாளைக்கு அருப்புக்கோட்டையில பத்திர ஆபீஸ்ல இருப்பாரு. மத்தியானம் வந்தா நல்லது."

தீபலட்சுமி ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் ஜீப் வந்தது. பதினாறு சாக்கையும் சீட்டோடு ஏற்றிக்கொண்டு மதுரைக்குத் திரும்பினாள். ஜீப் கிளப்பிய புழுதி அடங்கியதும், முத்துப்பேச்சி கொட்டகையில் கிடந்த வெறுஞ்சாக்குகளை எண்ணினாள். குழியிலிருந்து அள்ளி ஒதுக்கிய மேல்மண் கரையில் குவியலாகக் கிடந்தது. அது வெறும் உழவுமண், எப்போதோ சலித்து முடித்தது. அதை ஒவ்வொரு சாக்காக அள்ளிக் கட்டினாள். நாகஜோதி சாக்கு வாயைப் பிடித்துக்கொண்டாள். வெயில் மண்டையைப் பிளந்தது. முத்துப்பேச்சிக்கு வேர்வை முந்தானையில் சொட்டியது. இத்தனை வருசத்தில் எந்த வேலையையும் அவள் அவ்வளவு ஆசையாகச் செய்ததில்லை.

"காளிப்பயலுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாது."

"அவன் பொழப்பு போயிருமேக்கா."

"தெரியும்டி. சாக்க நல்லாப் புடி."

வியாழக்கிழமை காலையில் பஸ் ஸ்டாப்பில் முப்பது பேருக்குக் குறையாது. மில்லு வேலைக்குப் போகிற பெண்கள், காலேஜ் பிள்ளைகள், டீக்கடை பெஞ்சில் பெரியாள்கள். மொக்கையன் வெளுத்த வேட்டியோடு பைக்கில் வந்து இறங்கினார். காளீஸ்வரன் பின்னாலேயே வந்து ஒதுங்கி நின்றான். முத்துப்பேச்சி புளியமரத்தடியில் நின்றாள்.

மொக்கையன் அவள் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "ஏத்தா, சங்கையா மேல குத்தமில்ல. போதுமா?" என்றார்.

"எனக்குக் காது கேக்கல மொதலாளி. பெஞ்சுல இருக்கவுகளுக்கும் கேக்கணும்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். மொக்கையன் தொண்டையைச் செருமினார்.

"சங்கையா மோட்டார எடுக்கல."

"யாரு எடுத்தா?"

"எம் மச்சினன்."

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

அவர் முகம் சிவந்தது. திரும்பிப் போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் காட்டைத் திரும்பிப் பார்த்தார்; அங்கிருந்து மேடு மட்டும் தெரிந்தது.

"அவன ஸ்டேஷன்ல வச்சிருந்த ரெண்டாம் நாள் காலையிலயே தெரியும். மச்சினன் எங்கிட்ட வந்து ஒத்துக்கிட்டான். எந்தங்கச்சி வாழ்க்க கெட்டுப்போகுமேன்னு நான் சொல்லல."

இது ஊருக்குத் தெரியாதது. முத்துப்பேச்சிக்கும் தெரியாதது. ஒரு வருசம் கழித்துத்தான் தெரிந்தது என்று அவள் நினைத்திருந்தாள். ரெண்டாம் நாள் சாயங்காலம்தான் முட்டியை உடைத்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முட்டியோடு திரும்பி வந்திருப்பான். அவள் ஒரு கையால் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை மனசின் ஒரு மூலையில் மகனை நினைத்துக் கொஞ்சம் குறுகுறுப்பு இருந்தது. அந்த நிமிசத்தோடு அதுவும் போனது.

"வாங்க மொதலாளி. சாக்க அவுப்போம்" என்றாள்.

கொட்டகையில் ஒவ்வொரு சாக்காக அவிழ்த்து, இழுத்துக்கொண்டு போய் வாய்க்காலில் கொட்டினாள். பதினாறும் முடிகிற மட்டும் மொக்கையன் நின்று பார்த்தார். கடைசிச் சாக்கை உதறியபோது, "நல்லாருத்தா" என்றார். அவள் தலையாட்டினாள்.

வைகாசி பிறந்து ரெண்டாவது வாரம் குழிகளைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. ஆனியில் லேபிலிருந்து வயசு வந்தது. தீபலட்சுமி போனில் சொல்லும்போது அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த வாரம் மொக்கையன் கைக்கு நோட்டீஸ் வந்தது. மேடும் சுற்றி ஏழு ஏக்கரும் பாதுகாக்கப்பட்ட இடம், கட்டக்கூடாது, உழக்கூடாது, விற்கக்கூடாது. நடுவில் துண்டு விழுந்த காடு தங்களுக்கு வேண்டாம் என்று கம்பெனி போய்விட்டது.

நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் முத்துப்பேச்சி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். ஆயுசில் முதல் தடவையாக. அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். காளீஸ்வரன் உள்ளே இருந்தான்.

"ஏய், நீ கொட்டுனத எங்கண்ணால பாத்தேனே! எப்படிடி வந்துச்சு இது?"

"நான் கொட்டுனது ஒங்க காட்டு மேல்மண்ணு. குதிரு மண்ணு முந்தின நாளே மதுரைக்குப் போயிருச்சு."

"ஏமாத்திட்டியே! நாலு பேரு முன்னால என்னய நிக்கவச்சு..."

"அன்னைக்கு நீங்க சொன்னது மெய்யா, பொய்யா?"

அவர் கையிலிருந்த நோட்டீஸைப் பார்த்தார்.

"மெய்தான? மெய்யச் சொல்றதுக்குப் பதினெட்டு வருசம் கழிச்சு வந்து கூலி கேக்குறீகளே மொக்கையன், வெக்கமா இல்ல?"

முகத்துக்கு நேராகப் பேரைச் சொல்லிவிட்டாள். தெருவில் நின்றவர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. மொக்கையன் கையை ஓங்கினார். காளீஸ்வரன் வெளியே வந்து, இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். மொக்கையன் கை தானாக இறங்கியது. நோட்டீஸைக் கசக்கி மடியில் செருகிக்கொண்டு போனார்.

அவர் போனதும் மகன் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னய வச்சுத்தானம்மா அவர வரவழைச்ச?"

"ஆமா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ தடுத்திருப்ப."

"ஆமா, தடுத்திருப்பேன்" என்றான் அவன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் கோயமுத்தூருக்குக் கிளம்பினான். கூடப் படித்த பையன் ஒருவன் அங்கே மோட்டார் கம்பெனியில் சேர்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். பொண்ணு வீட்டில் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். முத்துப்பேச்சி புளிச்சோறு கட்டி, வத்தல் வறுத்து, பையில் வைத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தாள்.

பஸ் வந்தது. படியில் ஏறியவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"இப்பயாவது ஒனக்கு ஆறிருச்சாம்மா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். மகனிடம் பொய் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"எனக்கு ஆறலடா" என்றாள். "ஆனா அவனுக்கும் இனிமே ஆறாதுல்ல. அது போதும் எனக்கு."

கண்டக்டர் விசில் கொடுத்தான். காளீஸ்வரன் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். பஸ் திரும்புகிற வரைக்கும் அவன் அவளைப் பார்த்தான், அவளும் பார்த்தாள். ரெண்டு பேரும் கையசைக்கவில்லை. பிறகு முத்துப்பேச்சி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, நாலாவது குழிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த மேட்டைப் பார்த்து வெரசாக நடந்தாள்.